அழுத்த அழுத்தக் காணாமல் போன குரல்

"என் குரல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். மின்னல் அதைப் படிக்கவில்லை.

படிக்க நேரம் இல்லை என்பது பாதி உண்மை. படிக்கத் தேவையில்லை என்பதுதான் மீதி உண்மை. அந்த இணைய நிறுவனத்தின் உதவிப் பிரிவில் யாரும் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. எல்லாம் எழுத்துதான். மின்னல் முன்னால் இருந்த திரையில் ஒரே நேரத்தில் ஐந்து கட்டங்கள் திறந்திருக்கும். கட்டத்துக்கு ஒரு வாடிக்கையாளர். பெயர் தெரியாது, இணைப்பு எண் மட்டும் தெரியும். பதில் சொல்பவர்களுக்கும் பெயர் கிடையாது. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வாடிக்கையாளருக்கு 'தோழி'தான். மீசை வைத்தவரும் தோழிதான்.

கீபோர்டின் மேல்வரிசை விசைகளில் பதில்கள் தயாராக இருந்தன. ஒன்றைத் தட்டினால் "வணக்கம், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று போகும். அடுத்ததைத் தட்டினால் "எங்கள் இணைப்பு சீராக உள்ளது." இன்னொன்றைத் தட்டினால் "பிரச்னை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம், ஃபார்மட் செய்யப் பரிந்துரைக்கிறோம்." வாடிக்கையாளர் எழுதியதில் இரண்டு சொல்லைப் பார்த்தால் போதும், எந்த விசை என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்துத்தான் மின்னல் என்று பெயர் வைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் அந்த மாடியிலேயே அதிகக் கட்டங்களை மூடியவள் அவள்தான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எந்த விசையும் சொல்லாது. இணைப்போடு சேர்த்து நிறுவனம் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுகிற 'வீட்டுத் துணை' என்ற மென்பொருளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதற்குள் ஒரு காவலன் உண்டு, ஒரு வேகமூட்டி உண்டு, இன்னும் என்னென்னவோ உண்டு. அது இல்லாவிட்டாலும் இணையம் அருமையாக ஓடும். இந்த ரகசியம் மாடி முழுவதற்கும் தெரியும், வாடிக்கையாளருக்குத்தான் தெரியாது.

"துணையப் பத்தி நமக்குப் பேச்சே வேண்டாம்" என்பார் அவர்களின் மேற்பார்வையாளர். யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்று பார்ப்பதே அவர் வேலை என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். "துணை எப்பவும் நல்லாத்தான் இருக்கும். கெட்டுப் போறது அவங்க மெஷின்தான். புரியுதா?"

எல்லாருக்கும் புரிந்தது. டீ குடிக்கும் இடத்தில் சிரிப்பார்கள்.

"உன் வீட்ல துணை போட்டிருக்கியா?"

"எனக்கென்ன பைத்தியமா? எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, இன்னொரு தொல்லை வேற எதுக்கு?"

மின்னலும் சேர்ந்து சிரிப்பாள். சில வாரங்களுக்கு முன் காவலனுக்குப் புதிய பதிப்பு ஒன்றை நிறுவனம் இரவோடு இரவாக ஏற்றியது. அன்று முதல் புகார் மழை. "என் புரோகிராம் திறக்கல", "என் பைலைக் காணோம்" என்று கட்டம் கட்டமாக வந்துகொண்டே இருந்தது. மின்னலின் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. அப்படிப் புகார் எழுதிய வீடுகளில் தன் அண்ணன் வீடும் ஒன்று என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லையே!

*

அண்ணனை எல்லாரும் மைக் அண்ணன் என்பார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடையில், எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று அந்தக் குரல்தான் சொல்லும். ஒவ்வொரு அறிவிப்பையும் "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்" என்று முடிப்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மனைவி கடைக்குக் கிளம்பினாலும் அதுதான், தங்கை குளிக்கப் போனாலும் அதுதான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

உயிர் வேண்டுமானால் குரலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்த நாட்களில் அவர் தூங்கினாரோ இல்லையோ, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தன் வாழ்க்கைக்குத் தேவையான வாக்கியங்களை எல்லாம் தன் குரலில் பதிந்து வைத்தார். மனைவியைக் கூப்பிடுவதை மட்டும் ஏழெட்டு விதமாகப் பதிந்தார். சாதாரணமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, கோபமாக ஒன்று, கோபம் தணிந்த பிறகு ஒன்று. பேருந்து நிலையத்தில் டிக்கெட் மெஷின் ரிப்பேர் பார்த்த நண்பர்தான் அந்தப் பதிவுகளைத் திரையில் பொத்தான்களாக மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒவ்வொரு வாக்கியத்தையும் தானாக ஓடுகிற ஒரு குட்டி புரோகிராமாகச் செய்து வைத்தார். பொத்தானைத் தட்டினால் புரோகிராம் ஓடும், அண்ணன் பேசுவார். அந்த நண்பர் பிறகு தன் பழைய மெஷின்களை எல்லாம் விற்றுவிட்டு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் குரலுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அண்ணனுடைய கம்ப்யூட்டர்தான்.

தாளில் எழுதிக் காட்ட அவர் சம்மதிக்கவே இல்லை. 'எழுதிக் காட்டினால் ஊமையாகிவிடுவேன், இதைத் தட்டினால் நான் பேசுகிறேன்' என்பது அவர் எண்ணம். கைபேசியும் வைத்துக்கொள்ளவில்லை.

உதவிப் பிரிவில் சேர்ந்த புதிதில் மின்னலுக்கு ஊழியர் சலுகையாக உறவினர் ஒருவருக்கு ஓர் இணைப்பு கொடுத்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. அண்ணனுக்குத்தான். பயிற்சி வகுப்பில் சொன்னதை எல்லாம் அப்படியே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இணைப்புக் கொடுக்க வந்தவரிடம், "எங்கண்ணன் பகல் முழுக்கத் தனியா இருக்கிறவர். துணை, காவலன் எல்லாம் முழுசாப் போட்டுக் குடுங்க" என்றாள்.

"ஸ்டாஃப் வீட்டுக்கா? நிஜமாவா மேடம்?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் அன்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பிறகோ, அண்ணன் வீட்டில் போட்டது மறந்து போயிருந்தது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மின்னல் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. சிரித்தார். தலையைத் தடவினார். பேசவில்லை.

"என்னண்ணா, எங்கூடப் பேச மாட்டியா?"

மறுபடி சிரிப்பு.

சமையலறைக்குப் போனாள். அண்ணி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை செய்பவள். வீட்டுக்கு வந்தும் கை ஓய்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை. அன்று பாத்திரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டயும் பேசறதில்ல" என்றாள் அண்ணி. "நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டா அப்படித்தான் சிரிக்கிறார். அன்னிக்கு நீ வந்து, 'அண்ணனக் கொஞ்ச நாள் எங்க வீட்ல வச்சுக்கறேன்'னியே, அதுக்கு நான் ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன். அதுல இருந்து வந்த கோபம்தான்."

"உங்க மேல எதுக்கு அண்ணி கோபம்? நான்தான் தேவையில்லாம வாய விட்டேன். எம்மேலதான் கோபம்."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் நினைத்ததும் தப்பு. உள்ளே உட்கார்ந்திருந்த மனிதர் இருவர் பேசுவதையும் கேட்டுக்கொண்டு, வாயிருந்தும் சொல்ல முடியாமல், கையிருந்தும் தட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

மின்னலின் கணவர் பார்சல் வேன் ஓட்டுபவர். திரும்பும் வழியில் அவள் விசும்புவதைப் பார்த்துவிட்டு, "விடு. உங்கண்ணன் பேசலன்னா என்ன குறைஞ்சு போச்சு? நீதான் ஊருக்கே சேத்துப் பேசறியே" என்றார். அவள் முறைத்த முறைப்பில் அடுத்த திருப்பம் வரை ஹார்ன்கூட அடிக்கவில்லை.

*

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

மதியம் நெருங்கும் நேரம். "என் குரல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது" என்று எழுதியவருக்கு மின்னல் வரிசையாக விசைகளைத் தட்டிக்கொண்டே போனாள். மற்ற நான்கு கட்டங்களில் ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். இவர் சாதுவாக இருந்தார். சாதுவானவர்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. கடைசியில் "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியளித்ததா?" என்ற விசையையும் தட்டினாள். பதில் வந்தது. கட்டத்தை மூட மவுஸைக் கொண்டுபோனபோது கடைசி வரி கண்ணில் பட்டது.

"உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்."

மவுஸ் அப்படியே நின்றது.

யாராவது எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் புகாருக்கு நன்றி சொல்ல இந்த உலகத்தில் யார் இதை எழுதுவார்கள்? மின்னல் மேலே தள்ளினாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக ஒரு கட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தாள்.

"வணக்கம். என் குரல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. உதவ முடியுமா?"

'வணக்கம், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தோழி சொல்லியிருந்தாள்.

"நீங்கள் வருந்த வேண்டாம் அம்மா. நானே எதையாவது தவறாகத் தொட்டிருப்பேன். நான் பேச முடியாதவன். பதிந்து வைத்த வாக்கியங்களைத் தட்டித்தான் பேசுகிறேன். இப்போது எதைத் தட்டினாலும் ஒரு முறை பேசுகிறது. அடுத்த நிமிஷம் அந்தப் பொத்தான் செத்துவிடுகிறது. நகலெடுக்கப் போனாலும் அதே கதை. அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டேன். பேசினால்தானே போகும்?"

'எங்கள் இணைப்பு சீராக உள்ளது.'

"மனைவி நான் கோபமாக இருப்பதாக நினைக்கிறாள். தங்கை ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே போனாள்."

'கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துத் திரும்பப் போட்டீர்களா?'

"பல முறை. ஒரு வேண்டுகோள் அம்மா. இது எங்கள் வீட்டில் தெரிய வேண்டாம். இந்த இணைப்பு என் தங்கை ஆசையாகக் கொடுத்தது. இதனால்தான் இப்படி ஆனதோ என்று தோன்றினால்கூட அவள் தாங்க மாட்டாள். அவளும் உங்கள் நிறுவனத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள்."

'பிரச்னை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம். ஃபார்மட் செய்யப் பரிந்துரைக்கிறோம்.'

"ஃபார்மட் செய்தால் மிச்சமிருக்கும் குரலும் போய்விடுமா?"

'ஆம், தகவல்களை இழக்க நேரிடலாம். அதன் பிறகு உங்கள் கம்ப்யூட்டர் புதியதுபோல் இயங்கும்!'

அந்த ஆச்சரியக்குறியைத் தாண்டி மின்னல் அவசரமாகக் கீழே தள்ளினாள்.

"வேறு வழியே இல்லையா அம்மா?"

'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியளித்ததா?'

"சரி. பேச முடியாத குரலை வைத்துக்கொண்டிருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். ஏதோ மெஷின் குரல் கிடைக்கிறதாம், அதைப் போட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே செய்துவிடுகிறேன். இத்தனை வேலைக்கு நடுவில் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்."

"அண்ணா நிறுத்து நான்தான்" என்று அடித்தாள். எழுத்து ஏறவில்லை. வாடிக்கையாளர் வெளியேறிவிட்டார் என்று கட்டம் சாம்பல் நிறத்தில் சொன்னது. மூடிய கட்டத்தைத் திறக்க உதவிப் பிரிவில் யாருக்கும் அனுமதி கிடையாது.

நாற்காலி பின்னால் போய் விழுந்தது. அவள் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க கிளம்பற? நாலு கட்டம் திறந்திருக்கு!" கடிகாரம் ஓடிவந்தார்.

"மூடிக்கோங்க சார்."

"விளையாடறியா?"

"சார், அங்க எங்கண்ணனைக் கொன்னுக்கிட்டிருக்காங்க."

"ஐயையோ! யாரு?"

"நான்தான் சார். நீங்க எழுதிக் குடுத்த விசையத் தட்டி."

அவர் அவளுடைய திரையைப் பார்த்தார். குனிந்து படித்தார்.

"துணைய முழுசா எடுக்கற நீக்கி உங்ககிட்ட இருக்கு. எனக்கு அது வேணும்" என்றாள்.

"அது இந்த மாடிய விட்டு வெளிய போனா என் வேலை போயிடும்மா."

அவள் கையை நீட்டியபடி நின்றாள். கடிகாரம் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல், "என் மேஜை டிராயருக்குப் பூட்டு சரியா விழறதே இல்ல. ரிப்பேர் பண்ணணும்" என்றார்.

டிராயரிலிருந்து, நீக்கி இருந்த பென் டிரைவ் கைக்கு வந்தது. வாடகை வண்டியில் ஏறியபடியே அண்ணன் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. பேச முடியாத மனிதர் எதற்கு எடுப்பார்? அண்ணிக்கு அடித்தாள். சலவைப் பிரிவில் வேலை நேரத்தில் கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கணவருக்கு அடித்தாள்.

"அண்ணியக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

"ஏன்?"

"கேக்காதீங்கன்னேனே!"

*

அண்ணன் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் கால் வைத்தபோதே குரல் கேட்டது.

அண்ணன் குரல்! வெட்டி எடுத்துப் போட்ட அதே குரல், கணீரென்று படிக்கட்டில் இறங்கி வந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துக்கிட்டியா?"

சற்று மௌனம்.

"குழாய்ல தண்ணி சொட்டுது. அந்த வாஷர மாத்தினாச் சரியாயிடும்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"முடிய ரொம்பக் குறைக்காதீங்க. காதுக்கு மேல கொஞ்சம் விடுங்க."

யாரோடு பேசுகிறார்? மின்னல் கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. அவர் மட்டும் திரைக்கு முன் முதுகு நிமிர்ந்து, அறிவிப்பு அறையில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். எப்படியும் அழியப் போகிறதே என்று, மிச்சமிருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கடைசி முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் முடியும். பொத்தான் சாம்பலாகும். அவர் தலையசைத்து அதை வழியனுப்புவார். அடுத்ததைத் தட்டுவார்.

ஒரு மனிதன் தன் சாவுக்குத் தானே துக்கம் விசாரிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மின்னல் பார்த்தாள்.

"அண்ணா! கைய எடு!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முதலில் செய்தது என்ன தெரியுமா? இரண்டு கையையும் விரித்து, திரையை அவள் பார்வையிலிருந்து மறைத்தார். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்!

"மறைக்காத அண்ணா. எனக்கு எல்லாம் தெரியும். நீ யார்கிட்ட எழுதினியோ, அந்தத் தோழி நான்தான். நான்தான் உன்ன அழிக்கச் சொன்னேன்." அதற்கு மேல் நிற்க முடியாமல் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறையாக ஒரு தாளை இழுத்து எழுதினார்.

'நீயா?'

அவள் தலையாட்டினாள். அவர் தாளைத் திருப்பிப் போட்டார். பிறகு மறுபடி எழுதினார்.

'ரொம்ப மரியாதையான பொண்ணுன்னு நினைச்சேன். நீன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன்.'

தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் அவள் எழுந்து வேலையில் இறங்கினாள்.

முதலில் இணைய வயரைப் பிடுங்கினாள். காவலன் நிறுவனத்தோடு பேச முடியாதபடி அதன் வாயை அடைப்பது அது. பிறகு வீட்டுத் துணையைத் திறந்து, மறுபடி எதையும் பிடிக்காதபடி காவலனை அணைத்தாள். ஐந்தாறு பக்கங்களுக்குப் பின்னால், யாரும் போகாத இடத்தில், 'பூட்டறை' என்று ஒரு சின்ன எழுத்து இருந்தது. காவலன் சந்தேகப்பட்டுப் பிடித்தவற்றை அடைத்து வைக்கிற இடம். புதிய பதிப்பு வந்ததிலிருந்து, தனக்கு முன்பின் தெரியாத எந்த புரோகிராம் ஓடினாலும் பிடித்து அடைக்கும்படி அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த டிக்கெட் மெஷின் நண்பர் செய்த குட்டி புரோகிராம்களை அதற்கு எப்படித் தெரியும்? அண்ணன் வாய் திறந்த போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாகக் கைது செய்திருக்கிறது.

பூட்டறையைத் திறந்தாள். குடை இருந்தது. வாஷர் இருந்தது. முடி வெட்டுவது இருந்தது. "அண்ணா, இருக்கு! எல்லாம் இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றையும் விடுவித்துப் பென் டிரைவில் ஏற்றினாள். நீக்கியை ஓட்டித் துணையை வேரோடு பிடுங்கினாள். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டாள். வயரைச் செருகினால் இணையம் வரவில்லை. போகிற போக்கில் துணை தன் வடிகட்டியை இணைப்புக்கு நடுவில் விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வந்தது. அத்தனை நாள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்! ஒரு விசைகூட இதைச் சொல்லவில்லையே!

பிறகு வாக்கியங்களைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பொத்தான்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். கையில் இஸ்திரிச் சூடு ஆறவில்லை, முகத்தில் உயிரில்லை. மின்னலின் கணவர் பின்னால் மூச்சிரைக்க நின்றார். மின்னல் நடந்ததைச் சொல்லச் சொல்ல அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பேசினாப் போயிடும்னு பேசாம இருந்தீங்களா?" என்றாள் கணவரைப் பார்த்து. "ஒரு துண்டுத் தாள்ல எழுதக் கூடாதா? எந்தத் துணியத் தேய்ச்சாலும் அது மேல என் கண்ணீரும் விழுந்துச்சே! எவனோ முன்பின் தெரியாதவன் சட்டையெல்லாம் நான் அழுது தேய்ச்சது!"

அவர் தலை குனிந்தார்.

"சரி. இப்ப என்னக் கூப்பிடுங்க" என்றாள்.

அவர் ஆசையாகத் திரும்பி முதல் வரிசைப் பொத்தானைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பொத்தான். அதுவும் சாம்பல். அதற்குப் பக்கத்தில் இருந்ததும். முதல் வரிசை முழுவதும் பிணம்போல் கிடந்தது.

மின்னல் பூட்டறையிலிருந்து எடுத்தவற்றை மறுபடி தேடினாள். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு நினைவுக்கு வந்தது. பயிற்சி வகுப்பில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது. பூட்டறையில் பத்து நாள் கிடப்பதைக் காவலன் தானாக அழித்துவிடும். வாடிக்கையாளருக்கு இடம் மிச்சம்!

முதலில் தட்டியதுதான் முதலில் பிடிபட்டது. முதலில் பிடிபட்டதுதான் முதலில் செத்தது. ஒரு மனிதன் காலையில் எழுந்ததும் முதலில் தட்டுவது எதை? மனைவியைக் கூப்பிட்ட அந்த ஏழெட்டு விதமும் போயிருந்தது. "தங்கச்சி, வந்துட்டியா?" போயிருந்தது. "தண்ணி குடு", "தூக்கம் வருது", "உன்ன நினைச்சா எனக்குப் பயமில்ல" எல்லாம் போயிருந்தது. அடிக்கடி பேசாதவை மட்டும் பிழைத்துக்கொண்டன.

"என்னக் கூப்பிடறது ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள் அண்ணி.

மின்னல் இல்லை என்று தலையசைத்தாள். அண்ணி மெல்ல நடந்து போய், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். உள்ளே போனவள் அழும் சத்தம்கூட வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகத் தள்ளினார். கடைசிப் பக்கத்துக்குப் போய், எப்போதோ ரிப்பேர் ஆட்களையும் அதிகாரிகளையும் கூப்பிடுவதற்காகப் பதிந்து, ஒரு முறைகூடத் தட்டாமல் விட்ட ஒன்றைத் தட்டினார்.

"ஐயா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

அறிவிப்பாளர் குரல் வீடு முழுக்க முழங்கியது. சமையலறையில் எந்தச் சலனமும் இல்லை. மறுபடி தட்டினார். பொத்தான் சாகவில்லை. "ஐயா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு விசும்பல் வந்தது. பிறகு, "வர்றேன் ஐயா. அந்த வாஷரத்தானே மாத்தணும்?" என்றாள் அண்ணி. வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

*

மறுநாள் மின்னல் வேலைக்குப் போனாள். விசைகளைத் தொடவில்லை. ஐந்து கட்டத்தில் நான்கை மூடிவிட்டு, ஒரே ஒருவரிடம் "பூட்டறையைத் திறந்து பாருங்கள், சீக்கிரம்" என்று கையால் அடித்தாள். பிறகு அடுத்தவரிடம், அதற்கடுத்தவரிடம். கடிகாரம் அவள் பக்கமே வரவில்லை. ஆனால் மேலிடத்துக்குத் தெரியாமல் போகுமா? அந்த வாரக் கடைசியில் அவள் கடவுச்சொல்லை அடித்தால் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது வீடு வீடாகப் போய்த் துணையைப் பிடுங்கிக் கொடுப்பதுதான் அவள் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கடைசி வரை கேட்கிறாள். சில பேருக்கு அது எரிச்சலாக இருக்கிறது. "வேலையப் பாரும்மா" என்கிறார்கள். அவள் அசைவதில்லை.

அண்ணன் வீட்டில் அண்ணிக்கு இப்போது பெயர் ஐயா. சமையலறையில் இருந்தாலும், மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு கூப்பிடுதல்தான். கெஞ்சலும் அதே, கோபமும் அதே. எதற்கு எது என்று அவளுக்குத் தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை மின்னல் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து அண்ணன் தட்டுகிறார். மிச்சமிருந்ததில் தேடித் தேடி அவளுக்கென்று அவர் எடுத்து வைத்தது அது.

"பார்சல் வந்திருக்கு. யாராவது வந்து வாங்கிக்கோங்க!"